அனுப்பாமல் விட்ட பாடம்

திருப்பதி
12-11-58

அவர்களுக்கு,

லட்சுமம்மா அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அக்காவும் மாமாவும் ஏன் வந்தாய் என்று இதுவரை கேட்கவில்லை. 

கோபத்தை எழுதித் தீர்க்க முடியாது. நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன். செப்டம்பர் பரீட்சைக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்தை ஹெட்மாஸ்டரிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னீர்கள். செப்டம்பர் வந்தது, நம்பர் வரவில்லை. மேலே எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றீர்கள். நானும் நம்பிக்கொண்டு தினம் விடிந்தால் புத்தகத்தை எடுத்தேன். போன வாரம் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது உங்கள் பழைய சட்டைக்குள் அந்த விண்ணப்பம் மடித்தபடி இருந்தது. கேட்டதற்கு, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றீர்கள். அத்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்தையே என்னிடம் சொல்லியிருப்பார். அவர் மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் விஞ்ஞானத்தில் ஏழு மார்க்கில் போனேன். மார்ச்சில் மறுபடி எல்லாப் பேப்பரையும் எழுதப்போகிறேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லித்தரும் கிராம சேவிகா வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் கட்டாயம் வேண்டுமாம். அலமாரியில் என் விஞ்ஞானப் புத்தகம் இருக்கிறது, அதை மட்டும் அனுப்பவும்.

தாட்சாயணி


சித்தூர்
17-11-58

தாட்சாயணிக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் எழுதியிருப்பது எல்லாம் சரி. மறுக்க ஒன்றுமில்லை.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அது பழைய பாடத்திட்டம், இப்போது உதவாது. புதிய புத்தகம் கடையில் தெலுங்கில் கிடைக்கிறது. தமிழில் கேட்டால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்கிறான், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறான். எங்கள் பள்ளித் தமிழ் செக்‌ஷனில் துலுக்காணம் சாரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதை அவர் தர முடியாது, தினம் வகுப்புக்கு வேண்டும். மாலையில் அவர் போனபிறகு லேபில் உட்கார்ந்து நான் எழுதி அனுப்புகிறேன். வாரத்துக்கு ஒரு பாடம், சில வாரம் இரண்டு. செடிப் பாடம் ஒன்று, உடம்புப் பாடம் ஒன்று என்று மாற்றி மாற்றி வரும்.

படமும் போட்டு அனுப்புகிறேன். பரீட்சை பாஸ் செய்யாத லேப் அட்டெண்டர் எழுதுவதை எப்படி நம்புவது என்று நீ நினைக்கலாம். ஜாடி துடைத்துத் துடைத்து எனக்குக் கை பழகியிருக்கிறது. தவளையின் இருதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

இத்துடன் வேரும் தண்டும் பாடம். அம்மா சௌக்கியம். நீ எங்கே என்று கேட்பவர்களிடம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, போயிருக்கிறாள் என்று சொல்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

கோவர்த்தனன்


திருப்பதி
8-12-58

அவர்களுக்கு,

வேர், தண்டு, இலை, சுவாசம், இருதயம், ஐந்தும் வந்தன. எழுத்து தெளிவாக இருக்கிறது. இருதயப் படத்தில் இடது பக்கம் வலது என்றும், வலது பக்கம் இடது என்றும் போட்டிருக்கிறீர்கள். நானும் கவனிக்காமல் இரண்டு நாள் உருப்போட்டுவிட்டேன். சரியாகப் போட்டு வேறு அனுப்பவும்.

இங்கே படிப்பது சுலபமாக இல்லை. விடிந்தால் சத்திரத்துக்குச் சமைக்கப் போகும் ரங்கையா மாமாவுக்குக் காப்பி, பிறகு அக்காவோடு மாவாட்டுவது, தண்ணீர் எடுப்பது. பகல் இரண்டு மணிக்கு மேல்தான் எனக்கு உட்கார நேரம். உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. ஈரத்துணியில் அவரை விதை முளைக்கப் போட்டேன், எலி தின்றுவிட்டது. செம்பருத்திப் பூவைப் பிளேடால் கீறி, மகரந்தத் தாள் இது, சூலகம் இது என்று பிரித்து வைத்திருந்தேன். சாமிக்குப் பறித்துவைத்த பூவை ஏண்டி அறுக்கிற என்று அக்காவுக்குக் கோபம்.

இன்னொரு சங்கதி. இங்கே விண்ணப்பம் கொடுக்கப் போனேன். தமிழில் எழுதுவதானால் தமிழ் செக்‌ஷன் உள்ள சென்டரில் எழுதும்மா, சித்தூருக்குப் போடு என்றார்கள். போட்டுவிட்டேன். பணத்தை நானே நேரில் கட்டினேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

தாட்சாயணி


சித்தூர்
13-12-58

தாட்சாயணிக்கு,

படம் சரிதான். அந்த இருதயம் உனக்கு எதிரே நிற்கிற ஆளுடையது. அவருடைய இடது பக்கம் உனக்கு வலப்பக்கமாகத்தான் தெரியும். நானும் ஆரம்பத்தில் இதே தப்பைச் சொல்லி துலுக்காணம் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உருப்போட்டதை மாற்றாதே.

பரீட்சை சித்தூரில் என்றால் பத்து நாளாவது நீ இங்கே தங்கவேண்டும். வேறு எங்கே தங்குவது என்று யோசிக்காதே. வீட்டிலேயே தங்கு. நான் அந்தப் பத்து நாளும் பள்ளியில் படுத்துக்கொள்கிறேன். வாட்ச்மேன் பாலையாவிடம் பேசிவிட்டேன். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லிக்கொள்கிறேன். நான் எதிரே வரமாட்டேன்.

கோவர்த்தனன்


திருப்பதி
20-1-59

அவர்களுக்கு,

பொங்கல் ஆயிற்று. நீங்கள் அனுப்பிய மஞ்சளும் புடவையும் வந்தன. அத்தை எடுத்த புடவை என்று கரையைப் பார்த்ததும் தெரிந்தது. கட்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லவும்.

பக்கத்து வீட்டில் ரத்தினம்மா என்று ஒரு பெண் இதே பரீட்சைக்குத் தெலுங்கில் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் பாடங்களின் பட்டியலைப் பார்த்தோம். செடிப் பாகத்தில் விதை பரவுதல் ஒன்றுதான் பாக்கி. உடம்புப் பாகத்தில் எலும்பு, தசை, சுவாசம், ரத்தம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் வந்துவிட்டன. ஜீரணப் பாடம் வரவில்லை. அது சுவாசத்துக்கும் முன்னால் இருக்கிற பாடம். நீங்கள் வரிசையாகத்தானே எழுதினீர்கள்? தபாலில் தவறியதா?

அனுப்பிவிடவும். நாள் குறைவாக இருக்கிறது. எனக்கு அலுப்பாகவும் இருக்கிறது. ஒரு பக்கம் படித்தால் முந்தின பக்கம் மறந்துபோகிறது.

தாட்சாயணி


சித்தூர்
24-1-59
(கார்டு)

தாட்சாயணிக்கு,

தபாலில் தவறவில்லை. அந்தப் பாடத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார்கள். இருக்கிற நாளில் பூவையும் ரத்த ஓட்டத்தையும் நன்றாகப் படி. மார்க் அதில்தான். விதை பரவுதல் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

கோ.


திருப்பதி
6-2-59

அவர்களுக்கு,

நேற்று அந்தப் பாடத்தைப் படித்துவிட்டேன்.

ரத்தினம்மாவின் புத்தகத்தை வாங்கிவந்தேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். மாமா சத்திரத்திலிருந்து வந்ததும் அவரைப் படிக்கச் சொல்லி, நான் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன். வாய், இரைப்பை, சிறுகுடல் வரை சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு மாமா, "பெத்த பிரேகு நீள்ளனு பீல்ச்சுகொண்டுந்தி" என்று படித்துவிட்டு, "பெருங்கொடல் தண்ணிய இழுத்துக்கும்னு போட்டுக்கீது, எழுதிக்க" என்றார். எழுதினேன். அடுத்த வரியையும் அவரே சொன்னார். பேதி கண்டால் குடல் அந்த வேலையைச் செய்யாது. உடம்பிலிருக்கிற நீர் எல்லாம் வெளியே போகும். குழந்தைகள் இதைத் தாங்கமாட்டார்கள். போகிற நீருக்குக் காய்ச்சி ஆற்றிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

எழுதி முடித்தேன். அக்கா ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

நம் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு நாள் பேதி போனது. "தண்ணி காட்டாதடி, காட்டினா இன்னும் போவும்" என்று அத்தை சொன்னார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், என் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தண்ணீர்ப் பானையை எடுத்து உள்ளே வைத்தது நான். என் கை.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கவேண்டும். எல்லாப் பாடத்தையும் எழுதிய நீங்கள் இதை மட்டும் ஏன் எழுதவில்லை? உங்களுக்கு எப்போது தெரியும்?

தா.


சித்தூர்
11-2-59

தாட்சாயணிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எப்படி வந்தாலும் இதை அனுப்பிவிடுகிறேன்.

குழந்தை போன அடுத்த மாதம் பள்ளி திறந்தது. ஆடியில் துலுக்காணம் சார் ஜீரணப் பாடம் எடுத்தார். குடல் படத்தை நான்தான் சுவரில் மாட்டினேன். மாட்டிவிட்டுப் பின்னால் நின்று ஜாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டு, வீட்டிலே சின்னக் குழந்தை இருந்தால் போய்ச் சொல்லுங்கள், நம் ஊரில் தண்ணீரை நிறுத்தியே பாதிக் குழந்தைகளைக் கொல்கிறோம் என்றார். அவருக்கு நம் வீட்டில் நடந்தது பேதி என்று தெரியாது, ஜுரம் என்றுதான் நான் லீவு எழுதியிருந்தேன். ஜாடியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தது ஐம்பத்திரண்டில். அந்தப் பாடம் வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும். குழந்தைக்கு முன்னால் நாலு தரம் நடந்திருக்கிறது. நாலு தரமும் படத்தை மாட்டிவிட்டு அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அவர் நாலு தரமும் சொல்லியிருப்பார். என் காதில் விழுந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஜாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பானையை வைத்தது உன் கை என்று எழுதாதே. உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அந்த வீட்டில் தெரிந்திருக்கவேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

நீ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நீ புத்தகத்தில் எந்தப் பக்கத்துக்கு வருவாய் என்று நினைத்தேன். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் ஹெட்மாஸ்டர் அறை வரைக்கும் போனேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் என்னையும்தான். அம்மாமேல் பழியைப் போட்டது அதைவிடக் கேவலம். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அந்தப் பாடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படம் ஒழுங்காக வரவில்லை.

கோவர்த்தனன்


திருப்பதி
2-3-59

அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. அழுகையும் வரவில்லை. வேலை செய்தேன், தூங்கினேன். நடுவில் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ரத்தினம்மா வந்து, நீ படிக்கவில்லை என்றால் எனக்கும் ஓடவில்லை அக்கா என்றாள். மறுபடி எடுத்தேன்.

நீங்கள் சொன்னபடியே வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி மத்தியான பஸ். நீங்கள் பள்ளியில் படுப்பது என்று சொன்னது அப்படியே இருக்கட்டும். என்னைப் பார்த்தால் இதைப் பேசாமல் இருக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. பேசினால் நான் பரீட்சை எழுதமாட்டேன். அத்தையிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம்.

படம் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது.

தாட்சாயணி


திருப்பதி
4-4-59

அவர்களுக்கு,

நேற்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் தூரத்தில் நின்றதைப் பார்த்தேன். வந்து பேசியிருக்கலாம். நானும் கூப்பிட்டிருக்கலாம்.

விஞ்ஞானப் பேப்பர் சுமார். இருதயம் படத்தோடு கேட்டான், பூவின் பாகங்கள் கேட்டான், இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்டான். ஜீரணத்தில் ஒரு கேள்விகூட இல்லை. நீங்கள் கார்டில் எழுதியது சரியாகிவிட்டது.

வீட்டில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் பள்ளியில் இருந்ததால் பாதிதான் தெரிந்திருக்கும். விஞ்ஞானப் பேப்பருக்கு முந்தின நாள் எதிர்வீட்டு யசோதாவின் குழந்தைக்குப் பேதி. காலையிலிருந்து ஏழெட்டுத் தரம். ஒரு வயதுப் பெண். அத்தையும் நானும் போனோம். குழந்தை கண் குழிந்து கிடந்தது. அத்தை வழக்கம்போல, தண்ணி காட்டாதே என்றார். நான் வீட்டுக்கு வந்து தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி எடுத்துப் போனேன். கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டு அதையும் எடுத்துக்கொண்டேன். கரண்டி கரண்டியாக ஊற்றினேன். கக்கியது. மறுபடி ஊற்றினேன். அத்தை, "வேணாண்டி, இன்னொருத்தி வயித்தெரிச்சல வாங்கிக்காத" என்று என் கையைப் பிடித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். அவருக்கு எதிராக நான் செய்தது அதுதான் முதல் தடவை. யசோதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கரண்டி போடவா என்று கேட்டேன், போடுக்கா என்றாள். பிறகு ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழி நெடுகக் கொடுத்துக்கொண்டே போ என்றேன். குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது.

வந்த அன்று அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "ஏண்டி, நம்ம பொண்ணுக்கும் இப்டி ஊத்திக்கினே இருந்திருந்தா பொழச்சிருக்குமா?"

நான், "இல்ல அத்தே, அதுக்கு வந்தது வேற" என்றேன்.

அவர் சரி என்றார்.

சொன்னபிறகுதான் தெரிந்தது, நீங்கள் மூன்று வருஷம் என்னிடம் செய்ததை நான் ஒரே நொடியில் அவரிடம் செய்துவிட்டேன். உங்கள்மேல் கோபம் போய்விட்டதாக நினைக்கவேண்டாம். அதை எங்கே வைப்பது என்றுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை.

தாட்சாயணி


சித்தூர்
9-6-59

தாட்சாயணிக்கு,

ரிசல்ட் இன்று காலை பள்ளிக்கு வந்தது. உன் நம்பர் இருக்கிறது. நான் மூன்று தரம் பார்த்துவிட்டு துலுக்காணம் சாரையும் பார்க்கச் சொன்னேன். அவர், விஞ்ஞானத்தில் ஐம்பத்திரண்டு, நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பாதிப் பேர் இவ்வளவு வாங்கவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி நீ ஊர் ஊராகப் போய்த் தாய்மாரிடம் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லப்போகிறாய். ஒரு நாள் யார் மூலமாகவாவது அது இவள் காதுக்கு வரும். வேறு யார் வாயாலோ வருவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்றால் திட்டு.

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் கேட்டது, உன் விண்ணப்பத்தை ஒளித்தது, அவள் பேரைச் சொல்லி உன்னிடம் தப்பித்தது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "யசோதா பொண்ணு பொழச்சி வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுடா" என்றாள். "அவளண்ட கேட்டேன். இல்லன்னா. இல்லன்னு சொல்ல சொல்ல அரிசிய கீழ கொட்டிக்கினா. எனக்காகச் சொல்றான்னு நானும் சரின்னுட்டேன்."

 திரும்பத் துவரையை எடுத்தாள். புடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "பானையப் பாத்து கைய நீட்டிச்சிடா அது. வெளையாட்டுக்கு நீட்டுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.   சாயங்காலம் அவளே எழுந்து விளக்கேற்றினாள். பயிற்சிக்குப் போவதற்குமுன் நீ நாலு நாளாவது இங்கே வந்து இருந்துவிட்டுப் போகவேண்டுமாம். அவளாகத்தான் சொன்னாள். நான் எங்கே படுப்பது என்பதை நீயே எழுது.

கோவர்த்தனன்


திருப்பதி
13-6-59

அவர்களுக்கு,

திட்டமாட்டேன். என்னால் முடியாததைச் செய்திருக்கிறீர்கள்.

பயிற்சிக்கு உத்தரவு நேற்று வந்தது. ஜூலை முதல் தேதி சேரவேண்டும். பதினோரு மாதம். ரிசல்ட் வருமுன்பே போன மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கே நடந்ததை உங்களுக்கு எழுதவில்லை. பிறந்த ஊர் திருத்தணி தாலுகா என்று போட்டிருக்கிறாய், எல்லை பிரித்தால் அது மெட்ராஸ் பக்கம் போய்விடுமே, நீயும் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று தெலுங்கில் கேட்டார்கள். ஊர் எந்தப் பக்கம் போனாலும் என் வீடு சித்தூரில் இருக்கிறது என்று தெலுங்கிலேயே சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். வேலைக்காகச் சொன்னேனா என்று பார்த்தேன். அதற்காக இல்லை.

பங்காருபாளையம் பிளாக்கில் இடம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் பள்ளியில் படுக்கவேண்டாம். அன்று லீவு போடுங்கள், ஒரு நாள் முழுக்க மூன்று பேரும் வீட்டில் இருக்கவேண்டும். உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என்னுடையவற்றையும் நினைத்துப் பார்த்தேன். குழந்தை என்கிறோம், அது என்கிறோம், நம்ம பொண்ணு என்கிறோம். மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒருவர்கூட வள்ளி என்று அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் வந்ததும் சொல்லப்போகிறேன். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள்
தாட்சாயணி